ஐயக்குறி எழுத்துகளும் அலைன்மென்ட் மென்பொருளும் (அந்தமான் ஆய்வுகளை முன்வைத்து)

ஐயக்குறி எழுத்து என்பது டி.என்.ஏ வரிசையின் ஓரிடத்தில் இருப்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு காரங்களில் இன்னதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபோது எழுதப்படுவது. ஏ, ஜி இரண்டில் ஒன்று என்றால் ஆர். சி, டி இரண்டில் ஒன்று என்றால் ஒய். நான்கில் எதுவாகவும் இருக்கலாம் என்றால் என். பன்னாட்டு உயிர்வேதியியல் ஒன்றியத்தின் பெயரிடல் குழு 1984இல் பரிந்துரைத்த பட்டியலில், நான்கு காரங்களையும் சேர்த்து, 15 எழுத்துகள் உண்டு. வரிசைகளைப் பொருத்தும் (அலைன்மென்ட்) நீடில்மன்-வுன்ஷ் முறை (1970), ஸ்மித்-வாட்டர்மன் முறை (1981) இரண்டுமே இப்பட்டியலுக்கு மூத்தவை.

இந்த எழுத்துகளின் அருமை அந்தமானில் நன்றாகத் தெரிகிறது. ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1906-08இல் தீவுகளில் சேகரித்து, பின்னர் கேம்பிரிட்ஜில் காக்கப்பட்ட தலைமுடியும் இடம்பெற்றது. நூறாண்டு கிடந்த முடியில் சைட்டோசின் (சி) சிதைந்து தைமின் (டி) போலப் படிக்கப்படும்; அத்தகைய மாதிரியில் ஒய் என்று எழுதுவதே நேர்மை. 2005இல் அதே மையம் ஓங்கே, பெரும் அந்தமானியர், நிக்கோபாரியர் ஆகியோரில் ஐவர் ஐவரின் முழு மைட்டோகாண்ட்ரியா வரிசையை ஒப்பிட்டு, எம்31, எம்32 என்ற தனித் தாய்வழிக் கிளைகளை அடையாளம் கண்டது. முதல் குடியேற்றக் காலந்தொட்டு இவை தனித்தே தழைத்தன என்றது. எம்31இன் உறவு வரிசைகள் இந்தியப் பெருநிலத்து ராஜ்பன்ஷி மக்களிடமும் உண்டு என்று 2006இல் மறுப்பு எழுந்தது. பிரிவு எங்கே, எப்போது நிகழ்ந்தது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

மைட்டோகாண்ட்ரியா வரிசையின் 16,569 காரங்களில் வேறுபடுபவை சில பத்துகளே. எந்த மென்பொருளும் சரியாகப் பொருத்திவிடுமே, தேர்வு எதற்கு என்று கேட்கலாம். பொருத்தும், ஆனால் எண்ணிக்கையில் பிசகும். 2003இல் முன்வைக்கப்பட்ட, பலரும் கையாண்ட ஒரு வீதப்படி, மரபுக்குறிப் பகுதியில் ஒரு மாற்றம் ஏறத்தாழ 5,140 ஆண்டு. ஒய்யை டி என எண்ணினால் கிளைக்கு வயது கூடும். என் என்று ஒதுக்கினால் குறையும். எம்பாஸ் தொகுப்பின் இ.டி.என்.ஏ.ஃபுல் அட்டவணை ஏ-ஏ பொருத்தத்துக்கு 5, ஏ-ஆர் இணைக்கு 1, ஏ-என் இணைக்கு -2, ஏ-சி மோதலுக்கு -4 என்று தரம் பிரிக்கிறது. பொருத்தும் மென்பொருள்களில் பௌடை-2, ஒப்பீட்டுக்கு வைக்கும் ஆதார வரிசையிலுள்ள ஆர், ஒய் எல்லாவற்றையும் என்னாக்கிவிடும், பி.டபிள்யூ.ஏ அந்த இடத்தில் ஏதேனும் ஒரு காரத்தைக் குலுக்கிப் போடும். இதை அறியாமல் மென்பொருளை வேகத்துக்காக மட்டும் தேர்வது கண்ணைக் கட்டிக்கொண்டு எடை போடுவதுதான்.

ஐயமான இடங்களை அறவே நீக்கிவிடலாம் என்போரும் உண்டு. ஆயிரம் மாதிரி இருந்தால் சரி. ஐந்தே மாதிரியில் ஓரிடம்கூடப் பெரிது. தவிர, ஒய் எப்போதும் அறியாமையின் குறியல்ல. ஒரே உடலில் இரு வகை மைட்டோகாண்ட்ரியா இருப்பதையும் அது குறிக்கும். மர வரைவுக்கான பாப் மென்பொருள் இவ்விரு பொருளையும் தனித்தனியே கேட்டுக்கொள்வது பாராட்டத்தக்கது. 1999இல் திருத்தப்பட்ட கேம்பிரிட்ஜ் ஆதார வரிசையின் 3107ஆம் இடத்து என் இன்னும் சுவையானது: அங்கே காரமே இல்லை, பழைய இட எண்கள் மாறாதிருக்க அதை விட்டுவைத்தார்கள்.

2016இல் ஜாரவா, ஓங்கே மக்களின் முழு மரபணுத் தொகுதிகள் வெளியாயின. அத்தகைய தரவில் ஒருவரது இரு படிகளும் தனி அட்டவணையில் பதிவாவதால் ஐயக்குறிகளின் வேலை சுருங்கியுள்ளது.