தொலைபேசிச் சில்லு விமானம் ஓட்டிய கதை

1990 டிசம்பர் 21. நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்து சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று கடைக்கு வந்த விளையாட்டு 'பைலட்விங்ஸ்'. விமானம் மேலே ஏற ஏறத் தரை சுருங்கும். திரும்பினால் ஓடுபாதையும் கூடவே சுழலும். அந்தத் தரைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது, கார்ட்ரிட்ஜுக்குள் ஒளிந்திருந்த ஒரு சில்லு. பெயர் டிஎஸ்பி-1.

அதன் பூர்வீகம் படம் அல்ல, ஒலி. என்.இ.சி. நிறுவனம் 1980-இல் அறிமுகப்படுத்திய 7720, உலகின் முதல் டிஜிட்டல் சிக்னல் பிராசஸர்களில் ஒன்று. தொலைபேசி, மோடம், பேச்சு போன்ற வேலைகளுக்கானது. அதன் வழிவந்த 77சி25 என்ற சில்லுதான் நின்டெண்டோவிடம் டிஎஸ்பி-1 ஆனது.

ஒலியில் இரைச்சலை வடிகட்ட என்ன செய்கிறார்கள்? அலையின் அளவுகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். நொடிக்குப் பல்லாயிரம் முறை. அதற்காகவே இந்தச் சில்லுகளில் பெருக்கலுக்கென்று தனிச் சுற்று வைத்தார்கள். இப்போது முப்பரிமாணத்தில் ஒரு புள்ளியைச் சுழற்றிப் பாருங்கள்: 9 பெருக்கல், 6 கூட்டல். ஒலிக்கும் உருவத்துக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்கு! எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சூப்பர் ஃபேமிகாமின் 'மோடு 7' ஒரு தட்டையான படத்தைச் சுழற்றும், பெரிதாக்கும், சிறிதாக்கும். அது தரைபோலத் தெரிய வேண்டுமானால், திரையின் ஒவ்வொரு கிடைக்கோட்டுக்கும் அளவை மாற்ற வேண்டும். தொலைவு சிறிதாக, அருகு பெரிதாக. 'எஃப்-ஜீரோ' பந்தயத்துக்கு உதவிச் சில்லு தேவைப்படவில்லை. பார்வை ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பதால் எண்களை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்ளலாம். பைலட்விங்ஸில் உயரம் நொடிக்கு நொடி மாறும். 3.58 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாத மையச் செயலிக்கு அது பெரும் சுமை. மையச் செயலி உயரத்தையும் கோணத்தையும் சொன்னால் போதும். டிஎஸ்பி-1 கோட்டுக்கு நான்கு எண்கள் வீதம் கணக்கிட்டுத் தரும்.

ஆர்கேடில் இந்த வழி முன்பே வந்துவிட்டது. அட்டாரியின் 'ஹார்ட் டிரைவின்' 1989-லேயே அனலாக் டிவைசஸின் ஏடிஎஸ்பி-2100 சில்லைக் கொண்டு முப்பரிமாணக் கணக்குப் போட்டது. வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான் டிஎஸ்பி-1-இன் சாதனை. 1992-இல் 'சூப்பர் மரியோ கார்ட்' திரையை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரித்து, இருவருக்கு இரு பார்வை காட்டியதும் இதே சில்லின் துணையோடுதான். மறு வருடம் 'ஸ்டார் ஃபாக்ஸ்' சுமந்துவந்த சூப்பர் எஃப்எக்ஸ் சில்லுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை. அது நியாயமில்லை.

டிஎஸ்பி-1-க்குள் பொறித்திருந்த நிரல் நெடுங்காலம் வெளியே தெரியாமலே இருந்தது. அது தரும் விடைகளைப் பார்த்துத்தான் எமுலேட்டர் (பழைய கருவியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருள்) எழுதியவர்கள் உள்ளே நடப்பதை ஊகித்தார்கள். கடைசியில் ஆர்வலர்கள் சில்லின் மேலோட்டை நீக்கி, அந்த நிரலை அப்படியே படித்தெடுத்தார்கள்.