டி.வி.எஸ். 50-ம் சித்தப்பாவின் செயினும்

திருமங்கலம் பக்கம் எங்க சித்தப்பா மல்லிகைப் பூ போட்டிருந்தார். விடியுமுன்னே பறிச்சு, மொபெட்டில் மூட்டை கட்டி மதுரை பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போகணும். வெயில் ஏறினா மொட்டு விரிஞ்சிடும், விலை பாதியாகிடும். வழியில் செயின் கழன்றா அன்னிக்குக் கூலியே நஷ்டம்.

அந்த மொபெட் எங்கிருந்து வந்ததுன்னு தேடப் போனா மதுரையிலேயே வந்து நிக்குது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் இங்கே தொடங்கிய நிறுவனம்தான் டி.வி.எஸ். ஆனா டி.வி.எஸ். 50 பிறந்தது ஓசூரில், 1980-ல். இந்தியாவில் இரண்டு பேர் உட்காரும் முதல் மொபெட் அது. இரண்டு பேர்னு கம்பெனி சொல்லிச்சு. நம்ம ஆள் அதில் பால் கேன், வாழைத்தார், ஆடு எல்லாம் ஏத்தினான். அத்தனை பாரத்தையும் இழுத்தது பின்சக்கரத்துக்குப் போற ஒரு செயின்.

செயினுக்கு அதைவிடப் பழைய கதை. சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ரெனால்ட், இங்கிலாந்தின் சால்ஃபர்டில் ஒரு சின்னச் செயின் பட்டறையை 1879-ல் வாங்கினார். அடுத்த வருஷமே புஷ் ரோலர் செயினைக் கண்டுபிடிச்சார். பின், அதைச் சுத்தி புஷ், அதுக்கு மேல உருளுற ரோலர். தேய்மானம் சின்னப் பின்னில் மட்டும் விழாம, புஷ்ஷின் முழு அகலத்துக்கும் பரவும். ஐந்து வருஷம் கழிச்சு ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டியது. இன்னிக்கு நாம ஓட்டுற சைக்கிளின் மூதாதை அதுதான்.

'செயின் நீண்டு போச்சு'ன்னு சொல்றோமே, இரும்பு உண்மையில் நீளலை. ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாத் தேயுது. அரை இன்ச் செயினில் இருபத்துநாலு கண்ணி சேர்ந்தா சரியா ஒரு அடி. கண்ணிக்கு 0.127 மில்லிமீட்டர் தேய்ஞ்சாலே அந்த ஒரு அடி மூணு மில்லிமீட்டர் கூடிடும். அப்பவே மாத்திடணும். (புரோகிராமில் ரவுண்டிங் பிழை சேருற மாதிரிதான். எனக்கு அப்படித்தான் புரிஞ்சது.) நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராம மேலே ஏறி ஓடும், பல்லை ஒரு பக்கமாச் சாய்க்கும், பாரம் ஏறினா வழுக்கும்.

காலேஜ் லீவில் ஊருக்குப் போனப்ப நான் பண்ணின தப்பு இது. செயின் தொளதொளன்னு இருந்துச்சு. அட்ஜஸ்டர் கடைசி வரைக்கும் போயாச்சு. நான் ஒரு ஜோடி கண்ணியைக் கழட்டி லாக் போட்டு 'டைட்' பண்ணிட்டேன். பழைய எஞ்சின் ஆயிலை வேற ஊத்தினேன். கரிசல் தூசி அதில் ஒட்டிப் பின்னை இன்னும் அரைச்சது. லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்க்கணும்னு தெரியாது, தலைகீழாப் போட்டிருந்தேன்.

மூணாம் நாள் கப்பலூர் தாண்டி கிளிப் தெறிச்சுச்சு. இரண்டு மூட்டைப் பூ. சித்தப்பா வண்டியைத் தள்ளிட்டே நடந்தார். மார்க்கெட் போனப்ப மொட்டெல்லாம் விரிஞ்சிருந்தது. "செயினைப் புதுசா மாத்தியிருக்கலாம்டா" என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்லலை.

அந்தச் செயின் என் மேஜை டிராயரில் இருக்கு. போன வாரம் இழுத்துப் பிடிச்சு அளந்தேன். இருபத்துநாலு கண்ணிக்கு ஒரு அடியும் ஐந்து மில்லிமீட்டரும்.