பரலோகம் என்னும் பட்டணம்

பெங்களூரின் வடமேற்கே பீன்யாவில் தொழிலின் பொருட்டுக் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவர், கன்னடத்தில் நடைபெறும் கத்தோலிக்கத் திருப்பலிக்குச் செல்ல நேர்ந்தால், ஒரு சொல் வேற்றுமை அவர் செவிக்குத் தப்பாது. இயேசுபிரான் கற்பித்த செபத்தில், இறைவன் உறையும் இடத்தை அங்கே ‘ஸ்வர்க’ என்பார்கள். தமிழில் அச்செபத்தை ஓதுவோர் நெடுங்காலம் ‘பரமண்டலம்’ என்றனர், இந்நாளில் ‘விண்ணுலகம்’ என்பாரும் உளர், சொர்க்கம் என்பாரில்லை.

நம் நாட்டுப் புராணங்களில் சொர்க்கம் நிலையான வீடு அன்று. புண்ணியத்தின் பயனாக அங்குச் சென்றவன், அப்புண்ணியம் தீர்ந்ததும் மண்ணுலகிற்குத் திரும்பியாக வேண்டும். இந்திரன் பதவிக்கே அங்கு உறுதியில்லை. கிறிஸ்தவம் கூறும் பேரின்பமோ முடிவற்றது. மறுபிறவிக்கு அதில் இடமில்லை. ஆதலின், மீளாத வீட்டைக் குறிக்கும் ‘மோட்சம்’ என்னும் சொல் தமிழ்க் கிறிஸ்தவர்க்குப் பொருந்தி வந்ததில் வியப்பில்லை. ஆனால் வழக்கு இத்தகைய நுட்பங்களுக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. வைகுண்ட ஏகாதசியன்று நம் பெருமாள் கோயில்களில் திறக்கப்படும் வாயிலைச் சொர்க்கவாசல் என்றுதானே மக்கள் வழங்குகின்றனர்!

சொல் எதுவாயினும், அது சுட்டும் இடம் எத்தகையது? விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாடு அதனை ஒரு பட்டணமாகக் காட்டுகிறது. அப்பட்டணத்திற்குத் திசைக்கு மூன்றாகப் பன்னிரண்டு வாயில்கள். பகலில் அவை அடைக்கப்படுவதில்லை; இரவோ அங்கில்லை. ஒவ்வொரு வாயிலும் ஒற்றை முத்தினால் ஆனது. வீதி பொன்னால் ஆனது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம். நூல் கூறும் அளவை இன்றைய கணக்கிற்கு மாற்றினால், ஒரு பக்கம் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து தில்லிக்குள்ள தொலைவினும் மிகுதி. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. மாந்தர் மேலேறி அப்பட்டணத்தை அடைவதாக அந்நூல் கூறவில்லை. பட்டணமே விண்ணிலிருந்து இறங்கி வருகிறது. மேகத்தின் மீது யாழ் மீட்டும் தேவதூதர்களின் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாகவே தோன்றும்.

அப்புதிய உலகில் கடல் இல்லை என்றும் அந்நூல் உரைக்கிறது. எழுதிய யோவான் பத்மு என்னும் தீவில் இருந்தவர். அவர் அங்கு நாடு கடத்தப்பட்டிருந்தார் என்பது மரபு. கடல் அவருக்குப் பிரிவின் எல்லை. இனி, 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அண்டிரிக் அடிகளாரை எண்ணிப் பாருங்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையதே. முத்தெடுக்க மூச்சடக்கிக் கடலில் மூழ்குவோர்க்கு ஒற்றை முத்தாலாகிய வாயிலின் விலை உரைக்காமலே விளங்கும். ஆனால் கடலில்லாத பேரின்பத்தை அவர்கள் எவ்வாறு எண்ணியிருப்பர்? அது இழப்போ, ஆறுதலோ? கணவர் கடலினின்று மீளாத குடும்பங்களுக்கு ஆறுதலாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

விண்ணகத்தை விரித்துரைத்தவர்களுள் பலர் தம் ஊரிலோ தம் வீட்டிலோ இருந்து எழுதியவரல்லர். பிளாரன்சு நகரினின்று 1302-இல் நாடு கடத்தப்பட்ட தாந்தே, அதனைக் கோளங்களின் அடுக்காகவும், முடிவில் ஒரு வெண்மலராகவும் கண்டார். ஆங்கிலேயரான ஜான் பனியன் பெட்போர்டு சிறையிலிருந்தபோது தொடங்கிய நூல் 1678-இல் வெளிவந்தது. விண்ணகப் பட்டணத்தை நோக்கிக் கால்நடையாகச் செல்லும் ஒருவனின் கதை அது. தமிழ் உரைநடையில் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரால் அது பலரும் அறிந்ததாயிற்று. விடுதலை நிலையைக் குறித்த மோட்சம், இப்பெயரில் நடந்து சென்று சேரும் ஊராகவே ஆகிவிட்டது.

அத்தகைய பயணியைத் தமிழ் விவிலியம் ‘பரதேசி’ என்கிறது. இன்று வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்ட அச்சொல்லின் நேர்ப்பொருள் அயல்தேசத்தான் என்பதே. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ‘ஊருக்குப் போகிறேன்’ என்று சொல்லும்போது எந்த ஊர் என்று நாம் கூறுவதில்லையல்லவா?

பனியனின் கதையைக் காப்பியமாக்கியவர் நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827-இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. வைணவக் குடும்பத்தில் வளர்ந்து, கம்பனில் தோய்ந்து, 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். அவரது ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் வெளிவந்தது. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்கள் கொண்டது அது. வைகுந்தம் புகும் அடியாரை எதிர்கொண்டு வரவேற்கும் காட்சி வைணவ மரபில் ஊறியவர்க்குப் புதிதன்று. பயணி பட்டணம் சேரும் இடத்தை அவர் தமிழாக்கியபோது, இளமையில் கேட்ட அவ்வரவேற்பு அவர் நெஞ்சில் ஒலித்திராதா? பிறந்த மரபின் தமிழைப் பின்னே விட்டுவராமல் உடன் கொணர்ந்தவர் அவர் என்பதே என் துணிபு.

அவருக்கு முன்னரே, 1680-இல் இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், சூசையப்பரைத் தலைவராக்கித் ‘தேம்பாவணி’ பாடினார். தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுப் படலத்தில் தொடங்கும் அந்நூல் முடிசூட்டுப் படலத்தில் நிறைவுறுகிறது. சூட்டப்படுவது விண்ணக முடி. அம்முனிவர் பணியாற்றிய ஊர்களுள் ஒன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள காமநாயக்கன்பட்டி. அங்குள்ள ஆலயத்தின் அன்னைக்குப் பரலோக மாதா என்றே பெயர். திருவிழா ஆகஸ்டு 15. நாடெங்கும் விடுமுறை நாள். அயலூரில் பணிபுரியும் அவ்வட்டாரத்தார் ஊர் திரும்ப அதுவும் ஒரு வசதியே.