வில்பட்டை: பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளுக்கு மாற்றுப் பட்டை தேர்ந்தெடுத்தல்

வில்பட்டை என்பது, நீளம் படிப்படியாகக் குறையும் எஃகுத் தகடுகளை (பிளேட்) ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் இறுக்கிய வாகன வில். பட்டறைகளில் வெறும் ‘பட்டை’. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவரின் சீரிஸ் வகைகள், 1985இல் சீரிஸ் III உற்பத்தி நிற்கும்வரை நான்கு சக்கரங்களிலும் பட்டையோடுதான் வந்தன. 1983இல் வெளியான ஒன் டென் வகையில்தான் சுருள்வில் புகுந்தது. ஆகவே இன்று ஓடும் சீரிஸ் வண்டிகளில் மிக இளையதற்கும் சுமார் நாற்பது வயது; மலேசியாவின் கேமரன் மலையில் காய்கறி மூட்டையோடு ஏறி இறங்கிப் பேர்வாங்கியவை இன்னும் மூத்தவை. பட்டை மாற்ற நினைப்பவர் கடையில் முதலில் கேட்பது ‘எத்தனை பிளேட்?’ என்றுதான். அந்த எண்ணிக்கையை வைத்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். வண்டி அன்றாடம் சுமக்கும் எடை தெரியாமல் பட்டையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

ஒரு பட்டைக்கட்டின் விறைப்பு, பிளேட்டுகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர்விகிதத்தில் கூடும். தடிமனுக்கோ அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். ஆறு பிளேட் உள்ள கட்டில் அதே தடிமனில் இன்னொன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ 17 சதவீதம் ஏறும். பிளேட் எண்ணிக்கையைத் தொடாமல் தடிமனை மட்டும் 6 மிமீயிலிருந்து 7 மிமீ ஆக்கினால் 59 சதவீதம் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர், கண்ணெதிரே நிற்கும் ஒரு முழு பிளேட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் வேலை செய்கிறது. நீளம் எதிர்த்திசையில் இதே கணக்கு: கட்டு பத்து சதவீதம் நீண்டால் விறைப்பு கால்பங்கு குறையும். எனவே எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் இரு கடைச்சரக்குகள் சாலையில் இரு வேறு வண்டிகளாக நடந்துகொள்வதில் வியப்பில்லை. கடைக்குப் போகிறவர் பையில் ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

எடைதான் அடிப்படை என்பதற்கு முதல் சாட்சி, தயாரித்தவர்களே. லேண்ட் ரோவரின் உதிரிபாகப் பட்டியலில் ஓட்டுநர் பக்கப் பட்டைக்கு ஒரு எண், மறுபக்கத்துக்கு வேறு எண். ஓட்டுநர் எப்போதும் ஒரே பக்கம்தான் உட்காருகிறார். அந்த ஒரு ஆளின் எடைக்காகக்கூட வளைவை மாற்றியிருக்கிறார்கள். 88 அங்குலச் சக்கர இடைவெளி வண்டிக்கும் 109 அங்குல வண்டிக்கும் பட்டை வேறு. அப்படியானால் தொழிற்சாலை எண்ணைப் பார்த்து அதையே வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால் போதும். ஆனால் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றியது, முன்னால் வின்ச் பூட்டியது, பின்னால் இரும்புக் கூண்டு கட்டியது எல்லாம் அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒருமுறை நிறுத்துப் பார்த்தால், இருபது நிமிடத்தில் சந்தேகம் தீரும். வழக்கமான சுமையோடு நிறுப்பது முக்கியம். வருடத்தில் இரண்டு நாள் ஏற்றும் சுமையோடு அல்ல.

இங்கேதான் வலுவான மறுப்பு வரும்: கனமான பட்டை போட்டுவிட்டால் எந்தச் சுமையையும் தாங்குமே, குறைவானதால்தானே ஆபத்து? ஒரு சக்கரத்தின்மேல் 400 கிலோ நிற்பதாகக் கொள்வோம். மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் விறைப்புள்ள பட்டை அதில் ஏறத்தாழ 98 மிமீ அமுங்கும். வண்டி நிமிடத்துக்குச் சுமார் 95 முறை ஆடும். விறைப்பை இரட்டிப்பாக்கினால் அமுக்கம் 49 மிமீ ஆகி, ஆட்டம் 135ஐ நெருங்கும். இது முதுகுக்கு மட்டும் கேடு என்று ஒதுக்க முடியாது. நிலையில் அமுங்கியிருக்கும் அளவுதான், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைப் பிடிக்கக் கிடைக்கும் இடம். அது பாதியானால் கரட்டுப் பாதையில் சக்கரம் அந்தரத்தில் சுழலும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை வாங்கிய காரணமே போய்விடும். பட்டை விழுங்காத அதிர்ச்சி சேஸிஸுக்குப் போகும். பழைய லேண்ட் ரோவரில் துருவுக்கு முதலில் இரையாவதும் அதே சேஸிஸ்தான். மூட்டை சுமந்தே பிழைக்கும் வண்டிக்குக் கனமான பட்டை நியாயம். வாரம் ஒருமுறை தோட்டத்துக்குப் போய்வரும் வண்டிக்கு அது தண்டனை.

பழைய பட்டையை ஓட்டிப் பார்த்து, ‘இதைவிட மெத்தென்று வேண்டும்’ என்று முடிவு செய்வதும் ஏமாற்றும். பிளேட்டுகளுக்கிடையே துரு வீங்கி அவற்றை ஒட்டவைத்துவிட்டால், முழுக்கட்டும் ஒரே இரும்புத்துண்டாக நடந்துகொள்ளும். சீரிஸ் வண்டிகளின் முரட்டு ஓட்டம் பற்றிய கதைகளில் கணிசமான பங்கு இந்தத் துருவுடையது. கழற்றிப் பிரித்தால், மேல் பிளேட்டின் அடிப்பக்கத்தில் கீழ் பிளேட்டின் நுனி அரித்த பள்ளம் பளபளவென்று தெரியும். விரிசல் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் பிறக்கும். அதனால்தான் பழையதையே மீண்டும் வளைத்துப் போடும் சிக்கனத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. குளிர்நிலையில் அடித்து வளைத்தது சீக்கிரம் மறுபடி படுத்துவிடும். உலையில் பழுக்கவைத்து வளைத்தால், எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தியாக வேண்டும். அதைச் சரியாகச் செய்யும் இடத்தில் செய்தாலும் அந்த விரிசல் அங்கேயேதான் இருக்கும். தமிழ்நாட்டுக் கொல்லர்கள் லாரிப் பட்டையைத் தேடி வாங்கி அரிவாள் அடிப்பது அந்த எஃகின் தரத்துக்குச் சான்று. ஓய்ந்த பட்டைக்கு அதுவே தகுந்த மறுபிறவி.

பாரபோலிக் பட்டை நல்ல மாற்று. நடுவில் தடித்து நுனியில் மெலியும் இரண்டு மூன்று பிளேட்டுகள், ஒன்றோடொன்று உரசாத இடைவெளியில் நிற்கும். உராய்வு போவதால் மென்மை கூடும். அந்த உராய்வு செய்துவந்த அடக்கும் வேலை இப்போது முழுக்க ஷாக் அப்சார்பர் தலையில் விழும். ஆகவே ஓய்ந்த ஷாக் அப்சார்பரை வைத்துக்கொண்டு பாரபோலிக் மட்டும் போடுவது அரைவேலை. உயரம் வேண்டுமென்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, உயரம் வளைவிலிருந்து வருகிறது, விறைப்பிலிருந்து அல்ல என்பது. பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை 50 மிமீ நீளமாக்கினால் அதில் பாதியே உயரமாகக் கிடைக்கும்; கூடவே ஆக்ஸிலும் திரும்பி, முன்னால் காஸ்டர் கோணம் கெட்டு ஸ்டியரிங் அலையும்.

பூட்டும்போது யூ போல்ட் புதியதாக இருக்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள முனைகளின் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முடுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, பட்டை தன் நிலைக்கு அமுங்கிய பிறகே முடுக்கினால்தான் ரப்பர் முறுக்கிக்கொள்ளாமல் பிழைக்கும்.