'தி கான்வர்சேஷன்': கடைசியில் அந்த மைக் எங்கேதான் இருந்தது? 50 வருஷமா ரசிகர்கள் விவாதிப்பது ஏன்?

'காட்ஃபாதர்' இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா 1974-ல் எடுத்த இன்னொரு படம் 'தி கான்வர்சேஷன்'. சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது. ஆனாலும் ஒட்டுக்கேட்பு பற்றிய த்ரில்லர்னு பேச்சு வந்தாலே முதலில் சொல்லப்படும் படங்களில் இதுவும் ஒன்று. பார்த்தவர்கள் ஏன் இன்னும் வாதாடுறாங்க? விரிவாகப் பார்க்கலாம்.

(எச்சரிக்கை: கிளைமாக்ஸ் உட்பட முழுக் கதையும் இதில் இருக்கு.)

கதை என்ன?

ஹாரி கால் (ஜீன் ஹேக்மேன்) காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கும் நிபுணர். சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில், கூட்டத்துக்கு நடுவே சுற்றிச் சுற்றி நடக்கும் ஒரு ஜோடியின் பேச்சை அவரது குழு பதிவு செய்கிறது. மூன்று டேப்புகளை ஒன்றாகச் சேர்த்து, இரைச்சலை நீக்கிக் கேட்கும்போது ஒரு வரி சிக்குகிறது: 'வாய்ப்பு கிடைச்சா அவர் நம்மளக் கொன்னுடுவார்.'

ஹாரிக்குத் தூக்கம் போகிறது. காரணம், முன்பு நியூயார்க்கில் அவர் செய்த ஒரு வேலையால் மூன்று பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். மறுபடியும் அதே நடந்துடுமோ என்ற பயம்.

சர்ச்சை 1: அந்த ஒரு வரி

கடைசியில் செத்துக் கிடப்பது அந்த ஜோடி இல்லை, பதிவு செய்யச் சொன்ன முதலாளி! முதலில் 'கொன்னுடுவார்' என்பதில் விழுந்த அழுத்தம், கடைசியில் 'நம்மள' என்பதில் விழுகிறது. அப்படின்னா, 'அவர் நம்மளக் கொல்வார், அதனால நாம முந்திக்கணும்' என்று அர்த்தம் மாறிவிடுகிறது.

'இது ஏமாற்று வேலை' என்பது ஒரு தரப்பு. அதில் நியாயமும் இருக்கு. படத்தொகுப்பையும் ஒலியையும் கவனித்த வால்டர் மர்ச், கடைசியில் பயன்படுத்தியது நடிகர் வேறு அழுத்தத்தில் பேசிய இன்னொரு பதிவைத்தான். 'ஹாரியின் காதுக்குள்ள நாம உட்கார்ந்திருக்கோம், அவர் கேட்க நினைச்சதைத்தான் நாமளும் கேட்டோம்' என்பது மறு தரப்பின் பதில்.

சர்ச்சை 2: மைக் எங்கே?

ஹாரியின் வீட்டுக்கே போன் வருகிறது: உன்னையும் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். சுவர், தரைப் பலகை, மாதா சிலை என எல்லாத்தையும் உடைத்துத் தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. இடிந்த வீட்டில் உட்கார்ந்து சாக்ஸபோன் வாசிக்கிறார்.

- 'சாக்ஸபோனுக்குள்ளதான் இருக்கு. அதை மட்டும்தான் அவர் உடைக்கலை.'
- 'மைக்கே கிடையாது. பயமே போதும்.'
- 'நாமதான் மைக்.' கடைசி ஷாட்டில் கேமரா, கண்காணிப்பு கேமரா மாதிரியே இடமும் வலமும் திரும்புவதை இவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள்.

படம் எதையும் உறுதி செய்யவில்லை.

'ரொம்ப ஸ்லோ' என்பது உண்மையா?

ஆமாம், மெதுவான படம்தான். 113 நிமிடங்களில் ஒரே உரையாடல் திரும்பத் திரும்ப வரும். பொறுமை இல்லாதவர்களுக்கு முதல் பாதி சோதனை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள் வேறு மாதிரி கேட்கும். படத்தின் பலமே அதுதான்.

வாட்டர்கேட் படமா?

ரிச்சர்ட் நிக்சன் பதவி விலகிய அதே 1974-ல் வெளியானதால் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் கொப்போலா திரைக்கதையை எழுதத் தொடங்கியது 1960-களிலேயே. அன்டோனியோனியின் 'ப்ளோ-அப்' (1966) படம்தான் தூண்டுதல். கான் விழாவில் அப்போது உச்ச விருதாக இருந்த கிராண்ட் பிரியை இது வென்றது. ஆஸ்கரில் சிறந்த படம் விருதைப் பறித்ததோ கொப்போலாவின் இன்னொரு படமான 'காட்ஃபாதர் 2'!

இன்றைக்கு ஏன் பார்க்கணும்?

ஹாரியின் கருவி பழுதாகவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் தெளிவாகவே பிடித்தது. ஆனாலும் யார் ஆபத்தில் இருக்காங்க என்பதை அவர் தப்பாகத்தான் புரிந்துகொண்டார். லீக் ஆன ஒரு ஆடியோவைக் கேட்டு அஞ்சு நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லும் காலத்தில், இது பழைய கதை மாதிரியே தெரியாது.

பார்க்கிறதா இருந்தா ஹெட்போன் போட்டுக்கிட்டுப் பாருங்க. பாதி படம் காதில்தான் நடக்குது.