மதிலுக்கு வெளியே

கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினால், "கொட்டுவ, கொட்டுவ" என்று கொண்டக்டர் கூவுவார். போய் இறங்கினால் கோட்டையைக் காணோம். 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேயர் மதில்களை இடித்துவிட்டனர். பிரிஸ்டல் வீதியில், ஒரு வங்கியின் வளவுக்குள், ஒல்லாந்தரின் டெல்ஃப்ட் வாசல் எஞ்சி நிற்கிறது. நான் பார்த்தது அதைத்தான்.

போர்த்துக்கேயர் 1518இல் இங்கு முதற் கோட்டையைக் கட்டியபோது, துறைமுக வணிகம் பெரிதும் சோனகர் கையிலிருந்தது. அதைப் பறிப்பதும் அம்மதிலின் நோக்கங்களில் ஒன்று. 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சோனகரை அவர்கள் வெளியேற்ற, கண்டி மன்னன் செனரத் நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். ஏறத்தாழ ஏழு மாத முற்றுகைக்குப் பின், 1656 மே 12இல், கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. முற்றுகையில் மாண்ட தளபதி ஹல்ஃப்டின் பெயரால்தான் புதுக்கடைக்கு ஹல்ஸ்டொப் என்ற பெயர் வந்தது.

ஒல்லாந்தரிடமும் நம்மவருக்கு விடிவில்லை. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு, காணி வைத்திருக்கத் தடை போட்டனர். ஊழியம் என்ற கட்டாய வேலை வேறு. 1796இல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர்கூட அந்தக் காணித் தடையை நீக்கியது 1832இல்தான். பழைய சோனகத் தெருவும் புதிய சோனகத் தெருவும் புறக்கோட்டைக்கு அப்பால் கிடப்பதை நான் வெறும் தற்செயல் என்று எண்ணியிருந்தேன்.

சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் 1909இல் எழுந்தது, புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில்.