நெய்யரியும் சவ்வும்: மலாக்காத் தோட்டங்களில் பால் பிரித்த வரலாறு

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் மாணாக்கர்க்கு உவமை கூறுங்கால், அன்னத்தை முதல்நிலையிலும் நெய்யரியைக் கடைநிலையிலும் வைத்தார். அன்னம் நீரை விடுத்துப் பாலைக் கொள்வது. நெய்யரி நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்பால் நிறுத்திக்கொள்வது. இவ்விரு உவமைகளும் மலாக்கா மாநிலத்து ரப்பர்த் தொழிலின் வரலாற்றை விளக்கப் பெரிதும் துணைசெய்கின்றன.

1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் அவர் முயற்சி புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டமாக விரிந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இம்மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் தம் மொழியையும் உடன்கொணர்ந்தனர். மரம் பால்மரமாயிற்று. மங்கிலேயே உறைந்தது கட்டிப்பால். வெட்டுக்கோட்டில் காய்ந்து படிந்தது கோட்டுப்பால். மங்கு என்பதோ மலாய் வழிவந்த சொல். இச்சொற்களை எக்கழகமும் ஆக்கித் தரவில்லை என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

பால் ஸ்டோரில் நடந்த முதற்பணி வடிகட்டலே. வாளிகளில் வந்த பாலைக் கம்பிவலைச் சல்லடையில் ஊற்றினர். பட்டையும் இலையும் உறைந்த துணுக்குகளும் மேலே தங்கின. பால் தொட்டியில் இறங்கியது. அதன்பின் நீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் இட்டு உறையவைத்து, தகடாக அழுத்திப் புகையில் உலர்த்தினர். இது நெய்யரியின் வேலை. தங்கியது கசடு, வடிந்தது பொருள்.

ஆயினும் பாலிலிருந்து நீரைப் பிரிக்க இச்சல்லடை பயன்படாது. ரப்பர்ப்பாலில் மூன்றில் ஒரு பங்கே ரப்பர். அது ஏறத்தாழ 20 முதல் 3000 நானோமீட்டர் வரையுள்ள துகள்களாக மிதக்கின்றது. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறிட்டால் ஒரு கூறே நானோமீட்டர். புரதமும் கொழுப்புப்பொருளும் போர்த்த இத்துகள்கள் எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குவதால் எளிதில் படிவதில்லை. இத்தகைய கலவைக்கு 1861இல் தாமஸ் கிரகாம் பசை என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லடியாகப் பெயரிட்டார். நாம் கூழினின்று கூழ்மம் என்றோம்.

அன்னத்தின் பணியை ஆலையில் ஏற்றது சுழற்பொறி. அம்மோனியா இட்டுக் காத்த பாலை மிகுவேகத்தில் சுழற்றினால், 60 விழுக்காடு ரப்பருள்ள செறிபால் ஒருபுறமும், நீர்த்த பால் மறுபுறமும் பிரியும். கையுறைக்கும் ரப்பர் நூலுக்கும் செறிபாலே மூலப்பொருள். ஆனால் இந்த அன்னத்திற்கும் ஒரு குறை உண்டு. மிகச்சிறு துகள்கள் நீரோடு போய்விடுகின்றன. நீர்த்த பாலில் ஏறத்தாழ 5 விழுக்காடு ரப்பர் எஞ்சும். அதனைக் கந்தக அமிலத்தால் உறையவைத்து எடுத்தபின் மிஞ்சும் புளித்த கழிவுநீர் ஆற்றுக்குக் கேடாயிற்று. ஆகவே 1978இல் மலேசிய அரசு ரப்பர் ஆலைக் கழிவுக்கெனத் தனி விதிமுறைகள் வகுத்தது.

இங்கேதான் சவ்வு வருகின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் பெக்ஹோல்டு கூழ்மத் துகள்களையும் தடுக்கும் நுண்துளைச் சவ்வுகளை ஆய்ந்தார். நீர்த்த ரப்பர்ப்பாலை அவ்வாறு வடிகட்டும் முறையை மலேசிய ஆய்வாளர்களும் சோதித்துள்ளனர். இதில் பாலைச் சவ்வின்மீது செங்குத்தாக ஊற்றுவதில்லை, பக்கவாட்டில் ஓடவிடுகின்றனர். ஓட்டமே துகள்களை அலசிச் செல்வதால் துளைகள் விரைவில் அடைபடா. நீரும் சர்க்கரையும் சிறு மூலக்கூறுகளும் வடிய, ரப்பர்த் துகள்கள் தங்கிச் செறிகின்றன. அமிலமும் வேண்டியதில்லை. எனினும் சவ்வில் நாளடைவில் படலம் ஏறுவதும், எக்கியின் அலைப்பில் பால் திரிவதும் ஆலை அளவில் பெருந்தடைகளே.

மொழியியலார் கருதவேண்டிய இடமும் இதுவே. வடிகட்டல் என்றவுடன் வடிந்ததே நல்லதென நம் மனம் கொள்கின்றது. சவ்விலோ தங்குவது பொருள், வடிவது நீர். அரித்தல் என்னும் வினை பொன்னரித்தலில் தங்குவதைப் போற்றுமேனும், அரிப்பு இன்று சொறியையும் மண்ணரிப்பையுமே நினைவூட்டும். எனவே செயலுக்குச் சவ்வு வடிகட்டல் என்ற பெயரே அமையலாம். பிரியும் இரண்டிற்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். கட்டிப்பால், கோட்டுப்பால் என்ற தோட்டத்து வாய்பாட்டிலேயே ஒன்றைத் தங்குபால் என்றும், மற்றதை வடிநீர் என்றும் வழங்கலாம் என்பது நம் பரிந்துரை.

ரப்பர் நின்ற நிலங்கள் பல இன்று செம்பனைக்கும் குடியிருப்புக்கும் மாறிவிட்டன. அச்சொற்களைத் தொழிலோடு கற்றவர்கள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் முதுமையில் வாழ்கின்றனர். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் அகராதிகளைப் புரட்டுமுன் அவர்களிடம் சென்று கேட்பது நன்று.